வழுக்கி விழுந்த கிழவரும் திரும்பிப் பார்க்காத தெருவும்: ஜார்ஜியர் கால லண்டன் கேலிப்படங்கள்

#1 மழைக்காகம்

மூன்று நாளாக ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜேம்ஸ் கில்ரே 1808-இல் வெளியிட்டது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘ரொம்பவும் வழுக்குகிற நாள்’ என்று வரும். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு கடை. அதன் சன்னலில் ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்திலும் ஒரு கேலிப்படம் தெரிகிறது. தெருவில் நிற்பவர்கள் அந்தப் படங்களில் மூழ்கிப்போயிருக்கிறார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், நம் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு கிழவர் மல்லாந்து விழுகிறார். தொப்பி கழன்றுவிட்டது. காசு சிதறுகிறது. கையிலிருக்கும் வெப்பமானி மட்டும் உடையாமல் நிமிர்ந்து நிற்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை வீட்டுச் சுவரில் மாட்ட எண்ணியிருக்கிறேன். என்ன மாட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாட்டலாமே என்றுதான் இந்த இழை. இது அந்தக் காலத் தெருவுக்குச் சாட்சியா, அல்லது விற்பனைக்காக இட்டுக்கட்டிய வேடிக்கையா?

#2 பழங்கடைத் தெரு

ஐயா, அது கில்ரேயின் சொந்த வாசல். கடைக்காரர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற அம்மையார். 1797-இல் அவர் கடையை அந்தத் தெருவின் 27-ஆம் எண்ணுக்கு மாற்றியபோது கில்ரேயும் அங்கேயே மாடியில் குடியேறினார். 1815-இல் இறக்கும்வரை அந்த வீடுதான். கடைசி நான்கைந்து ஆண்டுகள் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அப்போதும் அம்மையார்தான் வைத்துப் பார்த்துக்கொண்டார். சன்னலில் தெரிகிற படங்களும் கில்ரே முன்பு வரைந்து விற்றவையே. தன் பழைய சரக்கைப் புதிய சரக்குக்குள் தொங்கவிட்டிருக்கிறார் மனிதர். விளம்பரம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கிழவர் விழுகிற யோசனைகூட அவருடையது இல்லை. ஜான் ஸ்னெய்ட் என்ற பாதிரியார் கொடுத்த கருவில் பருவநிலையைப் பற்றி ஒரு தொடர் வந்தது. அதில் இது ஒன்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் வரும் கருத்துப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்தால் தடம் மாறிவிடும். இவை செய்தித்தாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தாள், தனி விலை. 1800-ஐ ஒட்டி, வண்ணம் தீட்டாத படம் ஒரு ஷில்லிங், தீட்டியது இரண்டு ஷில்லிங் என்பது பொதுவான விலை. கட்டட வேலைக்குப் போகிற லண்டன் கூலியாள் நாள் முழுக்க உழைத்தாலும் கையில் வந்தது இரண்டு ஷில்லிங் சொச்சம்தான். ஒரு படத்துக்கு ஒரு நாள் கூலி. ஆகவே வாங்கியவர் ஒரு கூட்டம். சன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர் வேறொரு கூட்டம்.

நடுவில் இன்னொரு வழியும் இருந்தது. பிக்கடிலியில் கடை வைத்திருந்த எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ் தன் படங்களின் அடியிலேயே ஓர் அறிவிப்பை அச்சிட்டார்: கேலிப்படக் கோப்புகள் ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்குக் கிடைக்கும். விருந்தாளிகள் வரும் நாளில் எடுத்துப்போய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு கைமாற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடலாம். நம் ஊர் வாடகை நூலகத்தில் வாரப்பத்திரிகை எடுத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

#3 வெட்டிக்கிளி

ஜார்ஜியா நாட்டுக் கலை என்று நினைத்து உள்ளே வந்தேன். பாதிவரை படித்த பிறகுதான் லண்டன் என்று தெரிந்தது. வந்தது வந்துவிட்டேன், இருந்து கேட்கிறேன்.

#4 மழைக்காகம்

உட்காருங்கள். 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தில் அடுத்தடுத்து அரியணை ஏறிய நான்கு பேருக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அதனால் வந்த அடைமொழி. பெயர் வைப்பதில் அவ்வளவு சிக்கனம்.

#5 செம்புத்தகடு

ஓவியக் கல்லூரியில் எட்சிங் செய்து, அதாவது செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுத்து, கை கருத்தவன் நான். இந்தப் படங்களும் அப்படி வந்தவையே. செய்முறை தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

செம்புத் தகட்டைச் சூடாக்கி மெழுகுப் பூச்சு கொடுக்க வேண்டும். அதைப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன இடத்தில் மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு அமிலம். திறந்த இடத்தை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம். ஆழமான கோடு கருப்பாக விழும். மெழுகை நீக்கி மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாள் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் பள்ளத்தில் நிற்கும் மையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

உளியால் செம்பைச் செதுக்குகிற பழைய முறைக்கு வாரக்கணக்கில் பிடிக்கும். ஊசி, பேனாவைப் போல ஓடும். தெருவில் நேற்று நடந்தது சில நாளில் சன்னலுக்கு வந்ததற்கு இந்த ஊசிதான் காரணம். படத்தில் வரும் கைகால்களின் துள்ளலுக்கும் அதுவே காரணம் என்பேன்.

தொல்லை என்னவென்றால், தகட்டில் இருப்பது தாளில் வலமிடமாக மாறிவிடும். பாத்திரங்களின் வாயிலிருந்து புகைபோலக் கிளம்பும் வசனங்கள் இருக்கின்றனவே, அவை அத்தனையையும் தகட்டில் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக எழுதியாக வேண்டும். கில்ரே சில படங்களில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். நான் என் பெயரின் மூன்று எழுத்தை வலமிடமாக எழுதவே இரண்டு தகட்டைப் பாழாக்கியவன்.

வண்ணம் அச்சில் வருவதில்லை. கருப்பில் அச்சான தாள்களுக்குப் பிறகு கையால்தான் நீர்வண்ணம் பூசினார்கள். பெண்களும் சிறுவர்களும் செய்த கூலி வேலை அது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் சட்டையின் நிறம் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். எந்த நிறம் ‘சரி’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

#6 நிலாமுற்றம்

செம்புத்தகடு தம்பி, கை கருத்தவர் எழுதினால் அதன் அழகே வேறு.

எனக்கு இந்த வகைப் படங்களில் முதல் காதல் வில்லியம் ஹோகார்த்தான். ‘கேலிப்படக்காரர்’ என்று கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். மூக்கையும் தாடையையும் ஊதிப் பெரிதாக்குவது கேலிச்சித்திரம், மனிதரின் இயல்பை முகத்தில் கொண்டுவருவது தன் வேலை என்று, 1743-இல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கென்றே நெருக்கமாக முகங்களை அடுக்கி ஒரு படம் வெளியிட்டார்.

1741-இல் அவர் வெளியிட்ட ‘எரிச்சலுற்ற இசைவாணர்’ படத்தைப் பார்த்தால் காது வலிக்கும். நாசூக்கான வயலின்காரர் ஒருவர் சன்னலருகே இரு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். வெளியே பால்காரப் பெண் கூவுகிறாள். கைக்குழந்தையோடு ஒருத்தி பாட்டுத்தாள் விற்றபடி பாடுகிறாள். சாணைக்காரன் கத்தி தீட்டுகிறான். ஒரு சிறுவன் மேளம் தட்டுகிறான். பன்றிக்குக் காயடிப்பவன் குதிரைமேல் உட்கார்ந்து கொம்பு ஊதுகிறான். குப்பைக்காரன் மணியடிக்கிறான். மேலே ஒரு கிளி, அது சும்மா இருக்குமா? ஒலியே இல்லாத செம்புத் தகட்டில் ஒரு நகரத்தின் இரைச்சலை அவரால் எழுப்ப முடிந்திருக்கிறது. இத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே சன்னலடியில் கூடியிருக்கவே முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் அந்தத் தெருவில் நடமாடியவர்தான். மழைக்காகம் ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுவே: ஆட்கள் மெய், கூட்டம் பொய்.

1738-இல் வந்த ‘நாளின் நான்கு வேளைகள்’ தொடரில் இரவைப் பாருங்கள். சேரிங் கிராஸ் பகுதி. குடித்துத் தள்ளாடும் ஒரு கனவானின் தலையில் மேல்மாடிச் சன்னலிலிருந்து மூத்திரச் சட்டியைக் கவிழ்க்கிறார்கள். அந்தக் கனவான், குடிக்கு எதிராகக் கடுமை காட்டிய நீதிபதி தாமஸ் டி வீல் என்று அன்றே அடையாளம் கண்டுகொண்டார்கள். பக்கத்தில் நாவிதர் கடைப் பலகை: சவரம், இரத்தம் இறக்குதல், பல் பிடுங்குதல்.

#7 பல்லவன்

பல் என்றதும் வந்துவிட்டேன். புனைபெயரைப் பார்த்து யாரும் அரச பரம்பரை என்று நினைக்க வேண்டாம், பல் மருத்துவன்.

தாமஸ் ரௌலண்ட்சன் 1787-இல் வரைந்த ‘பல் மாற்று’ படத்தை என் அறையில் மாட்டலாமா என்று நினைத்து, நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். நாகரிகமான ஓர் அறை. புகைபோக்கி துடைக்கும் கரி படிந்த சிறுவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மருத்துவர் அவனுடைய நல்ல பல்லைப் பிடுங்குகிறார். அடுத்த நாற்காலியில் பட்டுடை அணிந்த பெண்மணி, மயக்கம் வராமலிருக்க எதையோ முகர்ந்தபடி, அந்தப் பல்லுக்காகக் காத்திருக்கிறார். கந்தலணிந்த இரண்டு பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவு வழியே வெளியேறுகிறார்கள். கையில் கிடைத்த காசைப் பார்க்கிறார்கள். கதவில் அறிவிப்பு: உயிருள்ள பற்களுக்கு மிக அதிக விலை தரப்படும்.

இதில் மிகை ஏதும் இல்லை என்பதுதான் கொடுமை. இந்தச் சிகிச்சை உண்மையிலேயே நடந்தது. பெரிய அறுவை மருத்துவரான ஜான் ஹன்டர் 1771-இல் பற்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஆதரவு தந்தார். மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் பதித்து ஒட்டிக்கொள்கிறதா என்றுகூடச் சோதித்தவர் அவர். ஆளுக்கு ஆள் மாற்றிய பல் நிலைக்கவில்லை. சில நாளோ சில ஆண்டோ ஆடிக்கொண்டிருந்து விழுந்துவிடும். கூடவே மேகநோய் (சிபிலிஸ்) தொற்றிக்கொண்டது என்ற புகார்களும் வந்தன. கொடுத்த பிள்ளைக்குப் பல் போயிற்று. வாங்கிய சீமாட்டிக்கும் நிற்கவில்லை. மருத்துவருக்குக் காசு நின்றது.

படத்தில் பல் பிடுங்கும் கைப்பிடியைக் கவனித்தேன். தொழில் தெரிந்தவர் யாரையோ பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். எனக்கு இது சாட்சிதான்.

#8 எதிர்க்கரை

எல்லோரும் மகிழ்ச்சியாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கெடுக்கிறேன்.

கூலியாளால் வாங்க முடியாத விலை என்று #2-இல் அவரே எழுதிவிட்டார். அப்படியானால் மீன்காரி, பிச்சைக்காரர், கறுப்பின மாலுமி, ஐரிஷ் கூலி, யூத வணிகர் என்று இவர்களை வரைந்து யாரிடம் விற்றார்கள்? சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைக் கைமாற்றிச் சிரித்தவர்களிடம். ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் 1819-இல் வரைந்த ‘புதிய ஐக்கிய மன்றம்’ படத்தில் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் விருந்தில் கறுப்பின மக்களை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு ‘தெருவுக்குச் சாட்சி’ என்று மறுபடியும் சொல்லுங்கள். அது வரைந்தவனுடைய, வாங்கியவனுடைய மனத்துக்குச் சாட்சி.

#9 பழங்கடைத் தெரு

அந்த 1819 படத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வாங்க வழியே இல்லை.

ஆனால் உதை ஒரே பக்கம் விழுந்தது என்பதை ஏற்க முடியாது. #7-இல் பல்லவன் சொன்ன படத்தில் கேலிக்குள்ளானவர் யார்? கரிபிடித்த சிறுவனா, பட்டுடைப் பெண்மணியா? ரௌலண்ட்சனின் இன்னொரு படம், சாமர்செட் மாளிகையின் படிக்கட்டு. ராயல் அகாதமியின் ஓவியக் கண்காட்சி அங்கே உச்சி மாடியில் நடக்கும். ஏறிப்போகச் செங்குத்தான சுழற்படி. சீமாட்டிகளும் கனவான்களும் அதில் உருண்டு சரிகிறார்கள். ஆடைகள் எங்கெங்கோ போகின்றன. ஓவியம் பார்க்க வந்த ரசிகர்கள் வேறு எதையோ கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கட்டும் வெறித்துப் பார்த்தலும் காதுக்கு ஒரே ஒலி. படத்தின் தலைப்பே அந்தச் சிலேடைதான். பணக்காரர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்யும் படத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அது பெருந்தன்மையா, திமிரா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமில்லை.

அதே ரௌலண்ட்சன் 1808 முதல் 1810 வரை ஆக்கர்மன் வெளியிட்ட லண்டன் தொகுப்பில் வேறு மனிதராகத் தெரிகிறார். மொத்தம் 104 படங்கள். கட்டடங்களை அகஸ்டஸ் பியூஜின் அளவு பிசகாமல் வரைய, அதற்குள் மனிதர்களை ரௌலண்ட்சன் நிரப்பினார். சிறை, மருத்துவமனை, ஏலக்கடை, மீன்சந்தை. அங்கே யாரையும் உதைக்கவில்லை. கூட்டம் எப்படிச் சாயும், காத்திருப்பவர் எந்தக் காலில் எடை போட்டு நிற்பார், அதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

#10 எதிர்க்கரை

ஐயா, நல்லது. உங்கள் ‘இரு பக்கமும் உதை’ கணக்குக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன்.

பில்லி வாட்டர்ஸ். கறுப்பினத்தவர். பிரிட்டிஷ் கடற்படையில் வேலை பார்த்தவர். பாய்மரக் கம்பத்திலிருந்து விழுந்து ஒரு காலை இழந்தார். மரக்காலோடு, இறகு செருகிய தொப்பியோடு, அடெல்ஃபி நாடக அரங்கின் வாசலில் ஃபிடில் வாசித்துப் பிழைத்தார். 1821-இல் பியர்ஸ் ஈகன் எழுதி, க்ரூக்ஷாங்க் சகோதரர்கள் படம் வரைந்த ‘லண்டன் வாழ்க்கை’ வந்தது. டாம், ஜெர்ரி என்ற இரண்டு உல்லாசப் பேர்வழிகள் நகரத்தைச் சுற்றுகிற கதை. (பூனையும் எலியும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஊரே பைத்தியமானது. அதில் பிச்சைக்காரர்களின் கேளிக்கை விடுதிக் காட்சியில் பில்லியை அப்படியே வரைந்தார்கள். கதை நாடகமாகி அதே அடெல்ஃபி மேடையில் ஏறியபோது பில்லியும் ஒரு பாத்திரமானார். உள்ளே ஒரு நடிகர் பில்லியாக ஆடிக் கைதட்டல் வாங்க, வாசலில் உண்மையான பில்லி தொப்பியை நீட்டினார். பீங்கான் பொம்மையாகக்கூட அவரைச் செய்து விற்றார்கள். 1823-இல் செயின்ட் ஜைல்ஸ் ஏழைகள் விடுதியில் இறந்துபோனார்.

இப்போது மறுபக்கம். நான்காம் ஜார்ஜை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் வரைவதில்லை என்று உறுதி கொடுத்து, ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் 1820-இல் 100 பவுன் பெற்றுக்கொண்டார். ‘லண்டன் வாழ்க்கை’ சமர்ப்பிக்கப்பட்டதும் அதே அரசருக்குத்தான். அரசரால் தன்னை வரையாமலிருக்கப் பணம் கொடுக்க முடிந்தது. பில்லியால்?

#11 பழங்கடைத் தெரு

100 பவுன் தெரியும். பில்லி வாட்டர்ஸும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ‘இரு பக்கமும்’ என்று எழுதியதை அடித்துவிடுகிறேன்.

#12 வெட்டிக்கிளி

இருந்து கேட்டது வீண்போகவில்லை. நம் பக்கத்து ஆட்கள் யாராவது இந்தப் படங்களில் மாட்டினார்களா?

#13 மழைக்காகம்

1791-இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும் மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் பின்வாங்கினாரே, அதை கில்ரே வரைந்திருக்கிறார். கோட்டை மதில்மேல் நின்றபடி திப்பு சுல்தான் கீழே ஓடுகிறவர்கள்மேல் செய்கிற காரியத்தை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார். அரசியல் படங்களுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே தெருவோடு நிற்போம்.

#14 நிலாமுற்றம்

தெருவோடு என்றால் விளக்கும் தண்ணீரும்.

பால் மால் தெருவில் 1807-இல் எரிவாயு விளக்கு எரிந்தது. 1809-இல் ரௌலண்ட்சனின் படம். ஆளாளுக்கு அண்ணாந்து பார்த்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் அது எப்படி எரிகிறது என்று விளக்குகிறார். ஒருவர் உலகப் பகட்டு என்று அலுத்துக்கொள்கிறார். கவலைப்படுபவள் உடல் விற்றுப் பிழைக்கும் ஒரு பெண் மட்டும்தான்: இந்த வெளிச்சத்தை நிறுத்தாவிட்டால் எங்கள் தொழிலை மூட வேண்டியதுதான் என்கிறாள். வரைந்தவர் சிரிக்க வைக்கத்தான் எழுதியிருப்பார். எதிர்க்கரை எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது வசதி வந்தால் இருட்டை நம்பி வாழ்ந்தவர் என்ன ஆவார் என்று கேட்ட ஒரே குரல் அவளுடையது.

தண்ணீர்ப் படம் வில்லியம் ஹீத் 1828-இல் வரைந்தது, ‘பூத ரசம்’. தேம்ஸ் நதிநீரின் ஒரு துளியை நுண்பெருக்கியில் பார்த்த பெண்மணி தேநீர்க் கோப்பையைக் கைநழுவ விடுகிறார். வட்டத்துக்குள் கொடுக்கும் பல்லுமாக ஜந்துக்கள் நீந்துகின்றன. ஜந்துக்கள் கற்பனை; பயம் கற்பனை இல்லை. சாக்கடை விழும் ஆற்றிலிருந்தே நீர் நிறுவனங்கள் குடிநீர் எடுத்துக் கொடுத்தன. லண்டன் குடிநீர் பற்றி அப்போதுதான் அரசு விசாரணைக் குழு அமர்ந்திருந்தது. மறு ஆண்டே செல்சி நீர் நிறுவனம் மணல் வடிகட்டியை அமைத்தது. படத்தால்தான் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் தெருச் சன்னலில் தொங்கிய ஊரில்தான் அது நடந்தது.

#15 மழைக்காகம்

எல்லோருக்கும் நன்றி. சாட்சியா வேடிக்கையா என்று கேட்டுத் தொடங்கினேன். இப்போது யாருடைய சாட்சி, யாருக்கு வேடிக்கை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மீண்டும் கிழவரிடம் போனேன். அவர் ஏழை இல்லை. குளிர் எவ்வளவு என்று அளந்துகொண்டே நடக்கிற அளவுக்கு வசதியும் பொழுதும் உள்ளவர். அளவு சரியாகத்தான் காட்டியிருக்கும். தரையைத்தான் பார்க்கவில்லை.

விழுந்தவரை ஒருவரும் தூக்கவில்லை பார் என்று வீட்டில் காட்டினேன். “நீங்களும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்” என்று பதில் வந்தது.

#16 செம்புத்தகடு

அம்மாவுக்கு என் வணக்கம்.

பழைய அச்சு என்று யாராவது விற்க வந்தால், படத்தைச் சுற்றித் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தடம் இல்லையென்றால் யோசியுங்கள். விளிம்பு வெட்டிய அசலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பின்னாளைய நகலாகவே இருக்கும். தடம் இருந்தாலும் உடனே பணத்தை எடுக்காதீர்கள். பழைய தகட்டிலேயே பல ஆண்டு கழித்தும் படம் எடுத்திருக்கிறார்கள்.

#17 மழைக்காகம்

நகல்தான் வாங்கினேன், தம்பி, அசலுக்கு வசதியில்லை. குளியலறைக் கதவுக்கு எதிரே மாட்டுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அங்கே டைல்ஸ் வழுக்குகிறது.